குளியலறைச் சுவரில் வெள்ளைக் கோடு போட்ட பாம்பு: கட்டுவிரியனா? வீட்டுக்குள் வராமல் தடுக்க என்ன செய்யலாம்?

ஏரிக்கரை வீடு

எல்லோருக்கும் வணக்கம். கூடுவாஞ்சேரி தாண்டி, ஏரியை ஒட்டிய புது மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். சுற்றிலும் பாதி மனைகள் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன, முள்ளும் கோரையும் இடுப்பளவு வளர்ந்து கிடக்கிறது. மழை ஆரம்பித்ததிலிருந்து தவளைச் சத்தம் தாங்கவில்லை. நேற்று ராத்திரி குளியலறை விளக்கைப் போட்டால் கீசருக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக ஒரு பாம்பு. முழங்கை நீளம் இருக்கும், விரல் தடிமன்தான். காப்பிப்பொடி நிறம், அதன் மேல் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள், கழுத்துப் பக்கம் நன்றாகப் பளிச்சென்று தெரிந்தன. நான் போட்ட சத்தத்தில் வீட்டில் எல்லோரும் ஓடி வந்தார்கள். அதற்குள் அது கீசர் குழாயைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை வழியாக வெளியே போய்விட்டது.

பக்கத்து வீட்டு மாமா கேட்டதுமே "அது கட்டுவிரியன், ஒன்று வந்தால் ஜோடியும் பின்னாலேயே வரும்" என்று சொல்லிவிட்டார். வீட்டைச் சுற்றி ஃபினாயில் ஊற்றச் சொல்கிறார், வாசலில் ஆகாச கருடன் கிழங்கு கட்டச் சொல்கிறார், பூண்டை நசுக்கி ஜன்னலில் வைக்கச் சொல்கிறார். ஃபினாயில் ஊற்றிவிட்டோம், கிழங்கும் தேடிக்கொண்டிருக்கிறோம். ஆனால் இதெல்லாம் உண்மையிலேயே பயன்படுமா என்று எனக்குச் சந்தேகம்.

என் கவலை என்னவென்றால், வீட்டில் நாலு வயதுப் பெண் குழந்தை இருக்கிறாள். என் மாமியார் முதுகுவலியால் மெத்தையில் படுக்க மாட்டார், ஹாலில் பாய் விரித்துத்தான் தூங்குவார், குழந்தையும் பாதி நாள் பாட்டியோடுதான். நேற்று முழுக்க யாரும் தூங்கவில்லை. அது கட்டுவிரியன்தானா? திரும்பி வருமா? வந்தால் யாரைக் கூப்பிடுவது? வீட்டுக்குள் வராமல் இருக்க நிஜமாகவே பலன் தரும் வழி என்ன? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

கோவளம் சாலை

சகோதரி, முதலில் அந்த ஜோடி பயத்தை விட்டுவிடுங்கள். பாம்புகள் சோடி சேர்ந்து குடும்பம் நடத்துவதில்லை, ஒன்றைத் தேடி இன்னொன்று பழிவாங்க வருவதும் இல்லை. இணைசேரும் காலத்தில் பெண் பாம்பின் வாசனையைப் பிடித்து ஆண் வரும், அவ்வளவுதான்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அது பெரும்பாலும் ஓநாய்ப் பாம்பு. வெள்ளிக்கோல் வரையன் என்றும் சொல்வார்கள். விஷம் கிடையாது. பல்லி பிடிக்கத்தான் வீட்டுக்குள் வரும், அதனால்தான் விளக்கு எரியும் சுவர், பாத்ரூம் ஜன்னல், மாடி வராண்டா என்று பல்லி கூடும் இடத்தில் எல்லாம் ராத்திரியில் கண்ணில் படும். சுவர் ஏறுவதில் கில்லாடி, இரண்டாவது மாடியில்கூடப் பார்த்திருக்கிறேன். கட்டுவிரியன் என்று நினைத்து நம் ஊரில் அடித்துக் கொல்லப்படும் பாம்புகளில் இதுதான் முதலில் நிற்கும். பாவம், அதன் தோற்றமே அதற்கு எமன்.

வித்தியாசத்தை இப்படிப் பார்க்கலாம். ஓநாய்ப் பாம்புக்குக் கோடுகள் கழுத்திலேயே ஆரம்பித்துவிடும், முன்பக்கம் அகலமாகவும் பளிச்சென்றும் இருக்கும், வாலை நோக்கிப் போகப்போக மங்கிப்போகும். கட்டுவிரியனுக்கு அப்படியே தலைகீழ்: தலையிலிருந்து கொஞ்ச தூரத்துக்குக் கோடே இருக்காது, அல்லது புள்ளி புள்ளியாக இருக்கும், பிறகு மெல்லிய வெள்ளைக் கோடுகள் இரண்டிரண்டாக வந்து வால் பக்கம் தெளிவாகும். உடம்பு எண்ணெய் பூசியதுபோல் பளபளக்கும் கருப்பு, அல்லது கருநீலம். ஓநாய்ப் பாம்பின் தலை தட்டையாக, கழுத்திலிருந்து பிரிந்து தெரியும். கட்டுவிரியனின் தலைக்கும் கழுத்துக்கும் அத்தனை வித்தியாசம் இருக்காது. நீங்கள் பார்த்தது காப்பிப்பொடி நிறம், கழுத்தில் கோடு, குழாயைப் பிடித்து ஏறியது. மூன்றுமே ஓநாய்ப் பாம்புக்குத்தான் பொருந்துகிறது.

ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் பக்கத்தில் போய் கோடு எண்ணாதீர்கள். குட்டிக் கட்டுவிரியனுக்கு முன்பக்கமும் கோடு இருக்கும், அனுபவம் உள்ளவர்களே தடுமாறுவார்கள். எந்தப் பாம்பு என்று உறுதியாகத் தெரியாதவரை விஷப்பாம்பு என்றே வைத்துக்கொண்டு தள்ளி நில்லுங்கள். கட்டுவிரியன் சுவர் ஏறவே ஏறாது என்றும் சொல்ல மாட்டேன்.

அடுத்த தடவை உள்ளே பார்த்தால் குழந்தையையும் பெரியவரையும் அந்த அறையிலிருந்து வெளியே அனுப்புங்கள், கதவைச் சாத்தி அடியில் ஈரத்துணியைச் சுருட்டி அடையுங்கள். ஹால் மாதிரி கதவில்லாத இடம் என்றால் ஒருவர் மட்டும் தூரத்தில் நின்று அது எங்கே போகிறது என்று கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும், இதுதான் முக்கியம், ஏனென்றால் பீரோவுக்கு அடியில் போனதா வெளியே போனதா என்று தெரியாவிட்டால் பிடிக்க வருகிறவர் வீட்டையே புரட்ட வேண்டியிருக்கும். தீயணைப்பு நிலையத்துக்கு 101-ல் சொன்னால் வருவார்கள், வனத்துறைக்கும் சொல்லலாம். உங்கள் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தின் நேரடி எண்ணை இப்போதே வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.

ஃபினாயில், பூண்டு, உப்பு, மஞ்சள், மண்ணெண்ணெய், ஆகாச கருடன், எதுவும் பாம்பைத் தடுக்காது. ஃபினாயில் ஊற்றிய தரையைத் தாண்டிப் பாம்பு போவதை நானே பார்த்திருக்கிறேன். அதைவிட மோசம், உள்ளே ஒளிந்திருக்கும் பாம்பின் மேல் மண்ணெண்ணெயோ ஃபினாயிலோ ஊற்றுவது. எரிச்சலில் அது எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. கிழங்கு கட்டுவது உங்கள் வீட்டுப் பெரியவர்களின் நம்பிக்கை என்றால் கட்டிக்கொள்ளுங்கள், தவறில்லை, ஆனால் கட்டியாயிற்று என்று கதவிடுக்கை அடைக்காமல் விட்டுவிடாதீர்கள்.

நேர்பேச்சு

மன்னிக்கவும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. குழந்தை இருக்கிற வீட்டில் விஷமா இல்லையா என்று ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருக்க முடியாது. பார்த்த இடத்தில் அடிப்பதுதான் பாதுகாப்பு. தீயணைப்பு வண்டி வருவதற்குள் அது எங்கே வேண்டுமானாலும் போகும். எங்கள் தெருவில் போன மாதம் நல்ல பாம்பு ஒன்று ஸ்கூட்டரின் முன்பக்க மூடிக்குள் புகுந்துகொண்டது, மெக்கானிக் வந்து பாகம் பாகமாகக் கழற்றிய பிறகுதான் வெளியே வந்தது. அந்த வண்டியில்தான் அந்த வீட்டுப் பிள்ளை தினமும் டியூஷன் போகிறான். எது வந்தாலும் விட்டுவிடு, கூப்பிடு, காத்திரு என்றால் எப்படி?

கோவளம் சாலை

உங்கள் பயம் நியாயம்தான், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கடி எப்போது விழுகிறது என்று பாருங்கள். தெரியாமல் மிதித்தால், தெரியாமல் கையை வைத்தால், தூக்கத்தில் மேலே புரண்டால். இதற்கு அடுத்தபடி, அடிக்கவோ பிடிக்கவோ போகும்போது. தன் வழியில் போகும் பாம்பு ஆளைத் துரத்தி வந்து கடிப்பதில்லை. கம்பை ஓங்கிக்கொண்டு கிட்டே போகிறவர்தான் அதன் வாய்க்கு எட்டும் தூரத்துக்குள் போகிறார். அடி பாதி விழுந்து பீரோவுக்குப் பின்னால் போன பாம்பு, முழுசாக இருந்த பாம்பைவிட ஆபத்து. தலை துண்டான பிறகும் கொஞ்ச நேரத்துக்கு அந்தத் தலை கடிக்கும், அதைக் குச்சியால் தட்டிப் பார்த்து விளையாட வேண்டாம். பாம்பை அடிப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

இன்னொன்று, இது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. விஷமுறிவு மருந்து எங்கிருந்து வருகிறது என்று பலருக்குத் தெரியாது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நான்கின் விஷத்தையும் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்துத்தான் அந்த மருந்தைத் தயாரிக்கிறார்கள். அந்த விஷத்தைப் பெருமளவில் எடுத்துக் கொடுப்பவர்கள் மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். 1978-ல் ஆரம்பித்தது. அதற்கு முன்பு தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்கள், தோல் வியாபாரம் தடையானதும் வாழ்வாதாரமே போனது. இப்போது பிடித்த பாம்பைச் சில வாரங்கள் பானையில் வைத்திருந்து, சில தடவை விஷம் எடுத்து, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. வரப்பில் காலடித்தடம் மாதிரி லேசாகத் தெரியும் தடத்தைப் பார்த்து எந்த வளைக்குள் எந்தப் பாம்பு என்று சொல்கிறவர்கள் அவர்கள். அவர்களே வேலை நேரத்தில் நிதானமாகத்தான் போகிறார்கள், நாம் வீட்டுத் துடைப்பத்தோடு பாய்வது எதற்கு?

ஸ்கூட்டர் விஷயம் சரிதான். மழைக்காலத்தில் வண்டியை எடுக்கும் முன் முன்பக்கத்தை இரண்டு தட்டுத் தட்டுங்கள், ஷூவையும் ஹெல்மெட்டையும் கவிழ்த்து உதறுங்கள்.

இரவுப்பணி செவிலி

நான் ஒரு அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவில் பல வருடங்களாக இருக்கிறேன். பாம்பு எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், எனக்கு இந்தக் கேள்வியில் உறுத்துவது ஒரே விஷயம், மாமியாரும் குழந்தையும் தரையில் படுக்கிறார்கள் என்பது. தயவுசெய்து இன்று ராத்திரியே அதை மாற்றுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும். எலியையும் மற்ற பாம்பையும் தேடி வீட்டுக்குள் வரும்போது தரையில் படுத்திருப்பவர் புரண்டு கையைப் போட்டால் கடித்துவிடும். அந்தக் கடி வலிக்காது. வீக்கம் இருக்காது, பல தடவை பல்தடம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. எறும்பு கடித்தது என்று தடவிவிட்டுத் தூங்கிவிடுவார்கள், பலர் கடிக்கும்போது விழிக்கவே மாட்டார்கள். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று எழுவார்கள். வீட்டில் என்ன செய்வார்கள்? வாயு, நேற்றுச் சாப்பிட்டது சேரவில்லை என்று சோடாவோ ஓமத்தண்ணீரோ கொடுப்பார்கள். அப்புறம் கண் இமை தானாக இறங்கும், விழுங்க முடியாது, பேச்சு குழறும். கடைசியில் மூச்சு விடும் தசைகள் நின்றுபோகும். எங்களிடம் வரும்போது யாரும் பாம்பு என்றே சொல்வதில்லை, தரையில் படுத்திருந்தாரா என்று நாங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். அதனால் எல்லோருக்கும் சொல்கிறேன், தரையில் படுத்து எழுந்தவருக்குக் காரணம் இல்லாத வயிற்றுவலியும் இமை இறக்கமும் சேர்ந்து வந்தால் அது பாம்புக்கடி இல்லை என்று நிரூபணம் ஆகும்வரை பாம்புக்கடிதான். நேரத்தில் வந்துவிட்டால் மருந்து இருக்கிறது, வென்டிலேட்டர் இருக்கிறது, நாள்கணக்கில் வென்டிலேட்டரில் இருந்துவிட்டு எழுந்து நடந்து வீட்டுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கண்ணாடி விரியன் கடி வேறு மாதிரி. அது கடித்தால் வலி உயிர் போகும், வீங்கும், ரத்தம் உறையாமல் ஈறிலும் சிறுநீரிலும் வரும், சிறுநீரகமும் கெடலாம். அதற்காகத்தான் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்போம்.

கடித்துவிட்டால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உட்கார வையுங்கள் அல்லது படுக்க வையுங்கள், நடக்க விடாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசு, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றுங்கள், வீங்கினால் அறுக்கும். எலும்பு முறிந்தால் கட்டுவதுபோல் ஒரு கட்டை வைத்துத் தளர்வாகத் துணி சுற்றி அந்தக் கையையோ காலையோ அசையாமல் வையுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், வர நேரமாகும் என்றால் கிடைக்கிற வண்டியில் கிளம்புங்கள், பைக் மட்டும்தான் இருக்கிறது என்றால் கடிபட்டவரை நடுவில் உட்கார வைத்துப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு வரட்டும். கடித்த நேரத்தைச் சொல்லுங்கள். இறுக்கிக் கயிறு கட்டாதீர்கள், பிளேடால் கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். ஏற்கெனவே யாராவது இறுக்கிக் கட்டியிருந்தால் வழியில் சட்டென்று அவிழ்க்க வேண்டாம், மருத்துவமனையில் நாங்கள் பார்த்து அவிழ்ப்போம். விஷக்கல், சிறியாநங்கை, மந்திரிப்பது என்று வழியில் நிற்காதீர்கள். கல் வைத்துப் பிழைத்தார் என்று சொல்கிறார்களே, கடித்தது விஷமில்லாத பாம்பாக இருக்கும், அல்லது விஷம் இறங்காத கடியாக இருக்கும். அந்தக் கல்லை நம்பிக் கட்டுவிரியன் கடியோடு விடியும்வரை உட்கார்ந்திருந்தவர்களின் கதையை யாரும் வந்து சொல்வதில்லை.

பாம்பை அடித்துக் கொண்டு வராதீர்கள், உயிரோடும் கொண்டு வராதீர்கள். அந்த நான்கு பாம்புக்கும் ஒரே மருந்துதான், அறிகுறியைப் பார்த்துத்தான் கொடுக்கிறோம். தூரத்திலிருந்து போனில் படம் எடுக்க முடிந்தால் போதும், அதற்காக நேரத்தை வீணாக்காதீர்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், இதில் நாங்கள் தினமும் திட்டு வாங்குகிறோம். வந்தவுடன் ஊசி போடவில்லை என்று சண்டைக்கு வருவார்கள். விஷம் ஏறியதற்கான அறிகுறி தெரிந்தால்தான் மருந்து ஏற்ற வேண்டும். அது குதிரை ரத்தத்திலிருந்து வருவது, சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரும். விஷமே ஏறாதவருக்கு அதை ஏற்றுவது தேவையில்லாத ஆபத்து. அதனால் ஒரு நாள் முழுக்கப் படுக்க வைத்து இமையையும் ரத்தத்தையும் திரும்பத் திரும்பப் பார்ப்போம். சும்மா படுக்க வைத்திருக்கிறார்கள் என்று பாதியில் கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். ஏற்ற வேண்டியது வந்தால் எட்டுப் பத்து பாட்டிலில் ஆரம்பிப்போம், குழந்தைக்கும் பெரியவருக்கும் அதே அளவுதான், பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லையே. அரசு மருத்துவமனைகளில் இது இலவசம்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது, சராசரியாக வருடத்துக்கு 58,000. பெரும்பாலும் கிராமத்து ஆட்கள், மருத்துவமனைக்கு வெளியே இறந்தவர்கள். உலக சுகாதார நிறுவனம் இதைக் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்ததே 2017-ல்தான். நம் மாநிலத்தில் 2024-ல் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தார்கள். நல்ல விஷயம், எந்த ஊரில் எவ்வளவு கடி என்று தெரிந்தால்தான் மருந்து அங்கே போய்ச் சேரும்.

தோப்புக்காரர்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் வீடு எங்களுக்கு, பாம்பு பார்க்காத மாதம் கிடையாது. செவிலியர் அம்மா சொன்னதற்கு மேல் கடியைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை, வராமல் தடுப்பதைப் பற்றிச் சொல்கிறேன்.

பாம்பு உங்களைத் தேடி வருவதில்லை, எலியைத் தேடி வருகிறது. தவளை, பல்லி அடுத்தபடி. ஆகவே எலியைக் கவனியுங்கள். நாய்க்கு வைத்த சோறு ராத்திரி வெளியே கிடக்கிறதா, குப்பை வாளிக்கு மூடி இருக்கிறதா, அரிசி மூட்டை தரையில் இருக்கிறதா என்று பாருங்கள். மாடு வைத்திருப்பவர்கள் தவிட்டையும் புண்ணாக்கையும் மூடி போட்ட டிரம்மில்தான் வைக்க வேண்டும். கோழி வளர்ப்பவர்கள் கூண்டை வீட்டுச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், முட்டைக்கும் குஞ்சுக்கும் நல்ல பாம்பு வரும். எலி வளையைச் சும்மா மண் போட்டு மூடினால் மறுநாளே தோண்டிவிடும், ஜல்லியும் சிமெண்டும் போட்டு அடைக்க வேண்டும்.

புது வீடு கட்டினவர்கள் எல்லோரும் செய்வது ஒன்று உண்டு, மிச்சம் வந்த செங்கல், ஓடு, சென்ட்ரிங் பலகை எல்லாவற்றையும் காம்பவுண்டு ஓரத்தில் அடுக்கி வைத்து, எப்போதாவது தேவைப்படும் என்று வருடக்கணக்கில் விட்டுவிடுவது. நீங்களும் அப்படி வைத்திருந்தால் அதுதான் பாம்புக்கு நீங்கள் கட்டிக்கொடுத்த வீடு. யாருக்காவது கொடுத்துவிடுங்கள். எடுக்கும்போது வெறும் கையை உள்ளே விடாதீர்கள், பகலில், ஷூ போட்டுக்கொண்டு, கடப்பாரையால் மேலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளி எடுக்க வேண்டும். தென்னை மட்டை, விறகு, வைக்கோலுக்கும் இதே கதைதான். எங்கள் தோப்பில் காய்ந்த மட்டைக்கு அடியில் கண்ணாடி விரியன் சுருண்டு கிடக்கும், சருகோடு சருகாக அதன் நிறம் கலந்துவிடும், பிரஷர் குக்கர் போல உஸ்ஸென்று சத்தம் கொடுத்த பிறகுதான் இருப்பதே தெரியும். அந்தச் சத்தம் கேட்டால் நின்ற இடத்திலேயே நின்று எங்கே என்று பார்த்துவிட்டுப் பின்னால் வர வேண்டும். தேங்காய் பொறுக்கும் ஆட்களுக்கு முழங்கால் வரை வரும் கம்பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். ராத்திரி வெளியே போனால் டார்ச் இல்லாமல் யாரும் போவதில்லை, பக்கத்தில் இருக்கும் மோட்டார் ரூமுக்கு என்றாலும்.

இதைப் படித்துவிட்டு சாரைப்பாம்பை விரட்டாதீர்கள். ஆள் உயரத்துக்கு மேல் வளரும், பார்க்கப் பயமாக இருக்கும், விஷம் சுத்தமாகக் கிடையாது. எங்கள் தோப்பில் எலியைக் கட்டுப்படுத்துவதே அதுதான். சாரையும் நல்ல பாம்பும் பிணைந்து ஆடுகிறது என்று எல்லா ஊரிலும் கதை சொல்வார்கள், அது இரண்டு ஆண் சாரைகள் போட்டி போடுவது. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும் என்பதும் கதைதான், அதற்கு விஷம் இல்லை. கண்கொத்திப் பாம்பு என்று நாம் சொல்லும் பச்சைப்பாம்பின் விஷம் பல்லிக்கும் ஓணானுக்கும்தான், மனிதரைக் கொல்லாது. என் அப்பா காலத்தில் இவை எல்லாமே அடிபட்டுச் செத்தன, நல்ல பாம்பை மட்டும் சாமி என்று விட்டுவிட்டு, தெரியாமல் அடிபட்டால் பாலூற்றிப் புதைப்பார்கள். ஆளைக் கொல்லக்கூடியதை விட்டுவிட்டு எலி பிடிக்கும் சாரையை அடித்துக்கொண்டிருந்தோம், யோசித்தால் வருத்தமாக இருக்கிறது.

ஏரிக்கரை வீடு

எல்லோருக்கும் மனதார நன்றி. படித்த பிறகுதான் மூச்சே வந்தது. தோப்புக்காரர் ஐயா சொன்னது அப்படியே எங்கள் வீடுதான், காம்பவுண்டு ஓரத்தில் ஹாலோ பிளாக்கும் சென்ட்ரிங் பலகையும் மலைபோல் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்து எடுக்கப்போகிறோம். மாமியாரிடம் செவிலியர் அக்கா எழுதியதைப் படித்துக் காட்டினேன், குழந்தை என்றதும் ஒத்துக்கொண்டார். கயிற்றுக்கட்டில் என்றால் முதுகு குழிந்துவிடும் என்கிறார், பலகைக் கட்டில் வாங்கலாமா? அதுவரை பாயிலேயே கொசுவலை கட்டினால் பாதுகாப்பா?

இன்னும் சில சந்தேகம். பாத்ரூமில் அடிக்கடி மண்புழு மாதிரி கருப்பாக, ஆனால் வேகமாக நெளியும் ஒன்று வருகிறது, அதுவும் பாம்புக்குட்டியா? வீட்டில் எந்தெந்த ஓட்டையை அடைக்க வேண்டும்? அதிர்வு கொடுத்துப் பாம்பை விரட்டும் சோலார் கருவி என்று ஆன்லைனில் விற்கிறார்களே, வாங்கலாமா? காலி மனையின் முள்ளை வெட்டச் சொல்லி யாரிடம் கேட்பது?

கோவளம் சாலை

அந்த மண்புழு மாதிரி வருவது புழுப்பாம்பு. குட்டி இல்லை, முழுசாக வளர்ந்ததே அவ்வளவுதான். எறும்பு முட்டையும் கரையானும் தின்னும், பூந்தொட்டி மண்ணிலும் சாக்கடை ஓரத்திலும் இருக்கும், மழை பெய்தால் மேலே வரும். அந்த இனத்தில் ஆணே கிடையாது, எல்லாம் பெண்தான், இணை இல்லாமலே முட்டையிடும். காதுக்குள் நுழையும் என்று பயமுறுத்துவார்கள், நம்பாதீர்கள். முறத்தில் தள்ளிச் செடி ஓரத்தில் விட்டுவிடுங்கள்.

அடைக்க வேண்டியதில் முதல் இடம் வெளிக்கதவின் அடி இடுக்கு. விரல் நுழையும் இடைவெளி இருந்தால் குட்டிப் பாம்பு நுழையும், ஹார்டுவேர் கடையில் கதவுக்கு அடியில் ஒட்டும் ரப்பர் பட்டை கிடைக்கும், வாங்கி ஒட்டுங்கள், பின்கட்டுக் கதவையும் மறக்க வேண்டாம். பாத்ரூம் தண்ணீர் போகும் ஓட்டைக்குத் திருகி மூடும் ஜாலி போடுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு வெளிப்பக்கம் சின்னக் கண் உள்ள கம்பி வலை. செப்டிக் டேங்க் காற்றுக் குழாயின் மேல்முனைக்கும் மழைநீர்க் குழாய்க்கும் அதே வலை. ஏசி குழாய், கேபிள் உள்ளே வரும் ஓட்டைகளைச் சிமெண்டால் பூசுங்கள். ஜன்னலைத் தொடும் மல்லிகைக் கொடி, காகிதப்பூ கிளை இருந்தால் வெட்டிவிடுங்கள், அது ஏணி மாதிரி. வாசல் விளக்கு ராத்திரி முழுக்க எரிந்தால் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லியும் தவளையும் வரும், பின்னாலேயே பாம்பும் வரலாம், அதனால் தேவைப்படும்போது மட்டும் போடுங்கள், ஆனால் இருட்டில் நடக்காதீர்கள்.

அந்தச் சோலார் கருவிக்குப் பணம் கொடுக்காதீர்கள். பாம்பு தரை அதிர்வை உணரும் என்பது உண்மை, ஆனால் லாரி ஓடும் சாலை ஓரத்திலும் ரயில் தண்டவாளத்தின் ஓரத்திலும் பாம்பு நிம்மதியாக இருக்கிறது. அந்தப் பணத்தில் கதவுப் பட்டையும் நல்ல டார்ச்சும் வாங்கலாம்.

காலி மனைக்கு ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுங்கள், மனைப்பிரிவுச் சங்கம் இருந்தால் அதன் வழியாக எல்லோரும் கையெழுத்திட்டுக் கொடுத்தால் நடக்கும். முள்ளை வெட்டுகிற அன்று மட்டும் கதவு ஜன்னலைச் சாத்தி வையுங்கள், பொக்லைன் வந்து சுத்தம் செய்யும்போது உள்ளே இருப்பதெல்லாம் நாலாபக்கமும் கிளம்பும், பெரும்பாலும் பக்கத்து வீட்டு நிழலுக்குத்தான் வரும்.

இரவுப்பணி செவிலி

பலகைக் கட்டில் நல்லது, முதுகுக்கும் தரை போலவே இருக்கும். சுவரை ஒட்டிப் போடாமல் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், போர்வையும் புடவைத் தலைப்பும் தரையில் தொங்க வேண்டாம், கட்டிலுக்கு அடியில் மூட்டை முடிச்சு அடுக்காதீர்கள், எலி வந்துவிடும்.

கட்டில் வரும்வரை கொசுவலை கட்டாயம் போடுங்கள், கட்டுவிரியனுக்கு எதிராகக் கொசுவலை நல்ல பாதுகாப்பு. ஆனால் வலையைச் சும்மா தொங்கவிட்டால் பயனில்லை. படுக்கும் முன் டார்ச் அடித்துப் பாயையும் தலையணையையும் உதறிப் பாருங்கள், பிறகு வலையின் நான்கு பக்க ஓரத்தையும் பாய்க்கு அடியில் ஒரு முழம் உள்ளே செருகிவிடுங்கள். பாய் மெல்லியதாக இருந்தால் செருகினது நழுவும், அதனால் அடியில் ஒரு ஜமுக்காளம் விரித்து அதற்கும் கீழே செருகுங்கள். குழந்தையை நடுவில் படுக்க வையுங்கள், வலையை ஒட்டிக் கை கால் படாமல் இருக்கட்டும். ராத்திரி பாத்ரூம் போக எழுந்தால் வலைக்குள்ளிருந்தே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் காலைக் கீழே வைக்கச் சொல்லுங்கள், திரும்பி வந்ததும் ஓரத்தை மறுபடியும் செருக வேண்டும். அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.